தராசு பாய் அனுப்பிய நாவல்

உலக நாடுகள் மாநாடு கூட்டிச் செய்கிற புத்தகப் பரிமாற்றத்தை, ஒரு கொக்கித் தராசை வைத்துக்கொண்டு தனியாளாகச் செய்தவர் திருமலைராயன்பட்டினத்துத் தராசு பாய். அவர் விமானம் ஏறியதே இல்லை.

காரைக்கால் வட்டாரத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதல்நாள் மாலை தராசோடு வந்துவிடுவார். பெட்டியைத் தூக்கி மாட்டுவார். எடையில் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஒரு தமிழ்ப் புத்தகம் உள்ளே போகும். திரும்பி வருகிறவர்களும் தப்ப முடியாது. பாரீஸ் மாப்பிள்ளை ஒருவர், மாமியாருக்கு வாங்கிய சென்ட் பாட்டில்களை அங்கேயே விட்டுவிட்டு, பாய் கேட்டார் என்று பிரெஞ்சுப் படக்கதைகளோடு வந்து இறங்கினார். பாய் வீட்டு முன்னறையில் தெருப்பிள்ளைகள் அவற்றை மொய்த்தார்கள். மாமியார் ஒரு வாரம் மருமகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊரான நெரவியில் எங்கள் முறை வந்தது மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. கிழமையில் நான் தவறுவதில்லை. எதிர்வீட்டு ரவி ஷார்ஜா கிளம்பினான். அங்கே வேலை பார்க்கும் எங்கள் மகனுக்கு என் மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டாள். மகன் போனில், "சாப்ட்டேம்மா, வச்சிடுறேன்" என்பதற்கு மேல் பேசமாட்டான். ஊறுகாயாவது அவனைப் பேசவைக்கும் என்று நம்பினாள்.

ரவியின் பெட்டியில் எடை மிச்சமே இல்லை. பாய் ஊறுகாயை வெளியே எடுத்தார். தலையணை கனத்தில் ஒரு நாவலை உள்ளே வைத்தார்.

"ஏங்க பாய், புள்ள சோத்துக்கு அதயா தொட்டுக்குவான்?"

"ஊறுகா தீந்துரும் தங்கச்சி. இது ரூம்ல எல்லாருக்கும் வரும்."

"நல்லா வரும். நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே அழைத்தான்.

"அம்மா, எல்லாரும் ஒண்ணா படிக்கணும்னு புக்கப் பிச்சு பங்கு போட்டுட்டானுவோ. கடைசி பாகத்த வச்சிருந்தவன் மஸ்கட்டுக்குப் போயிட்டான். கதைல அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்புனாளா இல்லியா?"

அனுப்பும் எதற்கும் ஊரில் ஒரு பிரதி வைத்திருப்பவர் பாய். நான்தான் போய் வாங்கினேன்.

"தங்கச்சிக்குக் கோவம் தீந்துச்சா சார்?"

"இன்னும் இல்லிங்க."

அதன்பிறகு ஞாயிறுதோறும் என் மனைவி அந்தக் கடைசிப் பாகத்தைப் போனில் வாசித்தாள். அந்தப் பக்கம் அறையே கேட்டது. நடுவே மகன் தன் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னான், முதுகுவலியைச் சொன்னான், ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தான். கதை முடிய இரண்டே அத்தியாயம் பாக்கி என்றதும் அவள் மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். முடிந்துவிட்டால் அவன் மறுபடி 'வச்சிடுறேன்' என்பானோ என்ற பயம்.

வைகாசியில் ஒரு மாலை, பாய் எங்கள் வாசலைத் திரும்பியும் பாராமல் தெருவில் போய்க்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள்.

"பாய், உள்ள வாங்க. இதவிடப் பெரிய புக்கு இருக்குங்களா?"

பாய் செருப்பைக் கழற்றினார். அவருக்குக் காபி போட நானே எழுந்து போனேன்.