திங்கட்கிழமைப் பாடு

பூட்டே இல்லாத கதவுக்குச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் சாவி நைனா ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை பார்த்தவர். உப்புக்காற்றில் பூட்டு உதிர்ந்து விழுந்துவிட்டது, சாவி மட்டும் தங்கிவிட்டது. அதோடுதான் ஏரியில் இறங்கி மீனும் பிடிப்பார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துப் பழைய பள்ளிக்கூடம் ஒரே ஒரு கூடம்தான். சாலையோரம் புதுக் கட்டடம் வந்து பிள்ளைகள் அங்கே போனதும், கூரை உள்ள இடத்தைச் சும்மா விட யாருக்கு மனசு வரும்? வலையை அடைத்தார்கள். ரேஷன் மூட்டை இறக்கினார்கள். புயல் என்றால் ஊரே அங்கே படுத்தது. ஒரு நாள் ரேஷனும் கல்யாணச் சமையலும் மோதிக்கொண்டதில், ஊருக்கு வந்த அரிசியில் பாதி பந்திக்குப் போய்விட்டது.

அந்தச் சண்டையைத் தீர்த்தவர் நைனாதான். ஏரியில் எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் விழுகிற இடத்தில் இன்று ஒருவர் வலை, நாளை இன்னொருவர் வலை. அதையே கட்டடத்துக்கும் வைத்தார். வாசல் சுவரில் கிழமைவாரியாக எழுதினார். செவ்வாய் வலை, புதன் ரேஷன், வெள்ளி விசேஷம். திங்கட்கிழமைக்கு நேரே 'பள்ளிக்கூடம்' என்று இருந்தது.

பள்ளிக்கூடம்தான் போய்விட்டதே என்று கேட்டேன்.

"போனா இன்னாபா? அதுக்கும் இங்க பாடு உண்டு. வராதது அது இஷ்டம்."

திங்கள்தோறும் கூடத்தைப் பெருக்கி, கரும்பலகைக்குக் கரி பூசி, வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். ஈயைக்கூட உள்ளே விடமாட்டார். சொந்த மகளின் நிச்சயதார்த்தமே ஒரு திங்கட்கிழமை வந்து வெளியே மணலில்தான் நடந்தது. கேசரியில் கடித்த மணலைச் சம்பந்தி இன்னும் மறக்கவில்லை.

போன வருஷம் மீனுக்கு ஐஸ் விற்கிற வியாபாரி ஒருவர், பெட்டி வைக்க அந்தத் திங்கட்கிழமையைக் கேட்டார். ஊர்க்கூட்டம் கூடியது. காற்றுக்குப் பாடம் நடத்தவா ஒரு நாளைக் காலியாக வைப்பது என்று எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் நான்தான்.

நைனா எழுந்தார். "உன் பாடு வந்த அன்னிக்கு ஜுரம்னு வூட்ல படுத்துகினியே, அடுத்த சுத்துல உன் பாட்ட எவனாச்சும் புடுங்கினானா?"

உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் கூட்டம் மனம் மாறவில்லை. மழைக்காலம் முடிகிறவரை கெடு, அதற்குப் பிறகு ஐஸ் பெட்டிக்கு என்று தீர்ப்பானது. அடுத்த திங்களும் நைனா துடைப்பத்தோடு வந்தார்.

அந்த மழையில் ஏரி ஏறிப் புதுப் பள்ளிக்கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. அன்றைக்குத் திங்கட்கிழமை. தலையில் பையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த டீச்சர், உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு உங்க பாடுதானே," என்றார் நைனா. "வரத்தான் லேட்டு."

உள்ளே தரை சுத்தமாக இருந்தது. கரும்பலகை புதுசுபோல் கறுத்திருந்தது. ஓரத்தில் இரண்டு சாக்பீஸ்கூட இருந்தன. அன்று கூட்டத்தில் பேசியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் செவ்வாய், என் வலைக்குப் பாடு. யாரும் கேட்காமலே வலையை வெளியே எடுத்துப் போட்டேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள்.

தண்ணீர் வடிந்து பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். கெடு முடிந்தும் ஐஸ் வியாபாரி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நைனாவுக்கு இப்போது முட்டிவலி, குனிய முடிவதில்லை. திங்கட்கிழமை காலையில் நான்தான் பெருக்குகிறேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மூலையில் குப்பை கிடக்கிறது என்பார். அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் இன்னொரு தடவை பெருக்கிவிடுகிறேன்.