கல்லறைக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி

ராபர்ட்சன்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள். பிளம் கேக் போடுகிற பிலோமினா முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பைக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். தையல்காரர், பல் டாக்டர், ஊறுகாய் வியாபாரி எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பங்காருபேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வேறு. வாசலில் பேனர் கட்டியிருந்தது: ‘மெயில் மந்திரம்! ஒரே மெயிலில் ஆர்டர் குவியும்! பெங்களூர் புகழ் ரோஹித் நேரில் வருகிறார்!’ கூட்டம் நடத்துகிறவர் நேரில் வராமல் வேறு எப்படி வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய ஆள் ஒருவர் உள்ளேதான் இருந்தார். அவர்தான் ஏசுபாதம். பெயரை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அது அப்பா வைத்த பெயர். பாலகாட் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர் அவர். மன்றத்தில் மொத்தம் ஆறு பேர், அதில் இரண்டு பேர் டீக்காக வருகிறவர்கள். ஆனாலும் எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவழைத்த மந்திரவாதியை சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் ஊர் பார்க்க மடக்கியவர் அவர்தான். அந்தக் கதையை அவரே வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவார் என்பதால், ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. அப்படிப்பட்ட மகா சந்தேகப்பேர்வழி மூன்றாவது வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் வயிற்றுப்பாடு. ஏசுபாதத்தின் தொழில் கல்லறைப் பராமரிப்பு. தங்கச் சுரங்கம் மூடியபின் ஊரை விட்டுப் போன பிள்ளைகள் பெர்த்திலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே மண்ணுக்குள் இருக்கிறார்கள். ஒரு காற்று அடித்தால் போதும், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி சிலுவைகளுக்கெல்லாம் சாம்பல் பூசிவிட்டுப் போகும். ஏசுபாதம் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கல்லறைத் திருநாளன்று பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புவார். ஆத்துமா இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். மெழுகுவர்த்தி வேண்டுமா என்று கேட்டால், பெரியதா சின்னதா என்பார்.

இரண்டு வருடமாக ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. இந்தத் திருநாளும் கைவிட்டால், விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் ஏதாவது அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி சட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பயம்தான் அவரை மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தது.

மேடையில் ரோஹித் தோன்றினார். காவி இல்லை, தாடி இல்லை, உருத்திராட்சம் இல்லை. கறுப்பு டீ சர்ட்டும் காதோரம் மைக்கும்தான். ஏசுபாதத்துக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

“நோடி சார், பாருங்க, மெயிலுக்கும் ஒரு நேரம் இருக்கு. செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பதினொண்ணு. தலைப்புல எழுத்து ஒத்தைப்படையா இருக்கணும். ஒரு தீபம் எமோஜி. அப்புறம் இங்க பாருங்க!”

திரையில் ஒரு பச்சை வட்டம் மெல்ல நிரம்பியது. எண்பது சதவீதம் பேர் மெயிலைத் திறந்துவிட்டார்களாம். மண்டபம் கைதட்டி ஓய நேரமாயிற்று. செவ்வாயும் ஒத்தைப்படையும் தீபமும் ஒரு ஜோசியர் வாயிலிருந்து வந்திருந்தால் ஏசுபாதம் அங்கேயே நாற்காலி மேல் ஏறி நின்று கேள்வி கேட்டிருப்பார். இங்கேதான் வட்டம் பச்சையாக இருக்கிறதே, சதவீதம் போட்டிருக்கிறதே, அப்புறம் கேள்விக்கு என்ன வேலை? முதல் ஆளாக எழுந்து போய்ச் சந்தா கட்டினார்.

வீட்டில் மனைவி நேசமணி கேட்டார். “இன்னாங்க, அந்தாளு செவ்வாக்கிழமைன்றாரு, நீங்களும் தலையாட்டிட்டு வந்துட்டீங்க?”

“நேசா, இது டேட்டா. சயின்ஸ். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற உனக்கு இது புரியாது.”

நேசமணி கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். “பாக்கலாம் போங்க” என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதுவரை ஏசுபாதம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தன் கையால்தான் மெயில் எழுதுவார். ‘அம்மா கல்லறைப் பக்கத்து வேப்பமரம் சாய்ந்துவிட்டது, வேரை வெட்டியாயிற்று, கல் பத்திரம்’ என்கிற மாதிரி. அதையெல்லாம் ரோஹித் தூக்கிப் போடச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே மெயில், பெயர் மட்டும் தானாக மாறும் என்றார். செவ்வாய்க்கிழமை பதினொன்று பதினொன்றுக்கு, பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இப்படி ஒரு மெயில் பறந்தது: ‘கடைசி வாய்ப்பு! கல்லறைக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி! முந்துங்கள்!’ அருகில் தீபம். தீபத்துக்கு அருகில், ரோஹித்தின் அன்பளிப்பாக, சிரிக்கிற முகம் ஒன்று.

பச்சை வட்டம் எண்பத்தைந்தைத் தொட்டது. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. ஒரே ஒரு போன் வந்தது, பெர்த்திலிருந்து கரோலின்.

“அங்கிள், எங்கம்மாவுக்குத் தள்ளுபடி போட்டுக்கீறீங்க. எங்கம்மா இன்னா பழைய சரக்கா?” பதில் சொல்வதற்குள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

கரோலினின் அம்மா கல்லறைக்கு முதல் சுண்ணாம்பு அடித்தவரே அவர்தான். உடனே ரோஹித்தைக் கூப்பிட்டு, “ஆர்டரே வரலையே, தம்பி?” என்று கேட்டார்.

“சார், திறந்திருக்காங்க இல்ல? உங்களுக்குத்தான் முழு நம்பிக்கை வரல. லிஸ்ட் சூடாகணும். பிளாட்டினம் பேக் போட்டா சரியாயிடும்.”

நம்பிக்கை குறைவு, இன்னொரு பரிகாரம் செய். இதே பதிலை எத்தனை சாமியார்கள் வாயிலிருந்து கேட்டு, எத்தனை மேடையில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்! இப்போது தலையை ஆட்டிவிட்டு, பிளாட்டினத்துக்கு எப்படிப் பணம் கட்டுவது என்று மட்டும் கேட்டார்.

நேசமணி அன்று திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அடுத்த கூட்டத்துக்கு நானும் வரேன்” என்றார். “எங்க ஃபேக்டரில எதையாச்சும் அளக்கறதுக்கு முன்னாடி அளக்கற கருவியத்தான் மொதல்ல சோதிப்போம். அந்த வட்டத்த யாராச்சும் சோதிச்சீங்களா?”



இரண்டாவது கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஒருவருக்கும் ஆர்டர் வரவில்லை. ஆனால் எல்லாருடைய வட்டமும் பச்சையாகத்தான் இருந்தது. ஆகவே குறை தங்களிடம்தான் என்று முடிவு செய்து, பரிகாரம் கேட்கத் திரண்டு வந்திருந்தார்கள். ரோஹித் பேச ஆரம்பித்ததும் நேசமணி எழுந்தார்.

“தம்பி, எங்கிட்ட பத்து அட்ரஸ் கீது. இப்பவே, எல்லார் எதிர்லயும் ஒரு மெயில் அனுப்பிக் காட்டுறீங்களா?”

“பை ஆல் மீன்ஸ், மேடம்!” ரோஹித்துக்கு விளம்பரம் வலிய வருகிற சந்தோஷம். நேசமணி மேடையேறி, அவருடைய லேப்டாப்பில் பத்து முகவரிகளையும் தானே தட்டினார். மெயில் போனது. கண் மூடித் திறப்பதற்குள் பச்சை வட்டம் நிரம்பியது. எண்பது சதவீதம். கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜெயசீலி திறந்தார். ஞானசுந்தரி மூன்று முறை திறந்தார். யேசுதாஸ் திறந்து, ‘ஆர்டர் செய்க’ பொத்தானையும் அழுத்திவிட்டார்.

மண்டபம் கைதட்டியது. ஏசுபாதம் மட்டும் தட்டவில்லை. அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரிந்தவை. ஜெயசீலி கிழக்குச் சுவரோரம் இருப்பவர். ஞானசுந்தரி அரளிச் செடிக்குப் பக்கத்தில். யேசுதாஸுக்கு அவர்தான் போன மாதம் சிலுவையை நிமிர்த்தி சிமென்ட் பூசினார். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்த மனிதர் யேசுதாஸ். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, பாலகாட் பகுத்தறிவு மன்றச் செயலாளர் பேய் உண்டு என்று நம்பினார். ரோஹித் பொய் சொல்கிறார் என்பது அதற்கு அடுத்த விநாடிதான் அவருக்குத் தோன்றியது.

நேசமணி மைக்கை வாங்கினார்.

“இந்தப் பத்துப் பேரும் நம்ம கல்லறைத் தோட்டத்துல கீறாங்க. கல்லுல எழுதியிருக்கற பேரைப் பாத்து, நானே இல்லாத அட்ரஸா உருவாக்கினேன். காலைல என் போன்லருந்து அனுப்பிப் பாத்தேன், இப்படி ஒரு முகவரியே இல்லைன்னு பத்தும் திரும்பி வந்துடுச்சு. இவரு அனுப்பினா மட்டும் எட்டுப் பேர் எழுந்து உக்காந்து படிக்கறாங்க. ஒண்ணு, இவரு செத்தவங்கள எழுப்புறாரு. இல்லாட்டி, நம்மள ஏமாத்துறாரு. மொதல்லது உண்மையா இருந்தா எங்க வீட்டுக்காரர் தொழிலே போச்சு!”

சிரிப்பு அடங்குவதற்குள் ரோஹித்துக்கு வியர்த்துவிட்டது. “மேடம், அது... அது டெமோ வட்டம், சும்மா காட்டறதுக்கு.”

“அப்ப எனக்குக் காட்டினது?” பிலோமினா எழுந்தார்.

“அதுவும்... டெமோதான்.”

பிலோமினா மேடையேறி, லேப்டாப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “வாங்கினதெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு எடுத்துனு போங்க.” ரோஹித் கடைசி ஆள் வரை உட்கார்ந்து திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நின்ற ஊறுகாய் வியாபாரி, பணத்தை வாங்கிக்கொண்டு குனிந்து ரகசியமாகக் கேட்டார். “வட்டம் பொய்யி, சரி. அந்தப் பதினொண்ணு பதினொண்ணு மட்டுமாச்சும் நிஜந்தானே?”

ஏசுபாதம் வீட்டுக்கு வந்து கரோலினுக்கு எழுதினார். பிழை தன்னுடையது, அம்மாவின் கல்லறையை இந்த வருடம் இலவசமாகச் செய்கிறேன், தலைமாட்டில் மழையில் விழுந்த விரிசலை அடைத்தாயிற்று என்று எழுதி, போட்டோவும் வைத்தார். மற்றவர்களுக்கும் அவரவர் கல்லறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தனித்தனியாக எழுதினார். சிலர் பதில் போட்டார்கள். ‘காசு அனுப்புறேன் அங்கிள், இலவசம் வேண்டாம்’ என்று கரோலின் எழுதினாள். பலர் பதிலே போடவில்லை. இந்த வருடம் ரயில் ஏற வேண்டாம் என்கிற அளவுக்குத்தான் தேறியது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று தெரியாது.

அந்த மாத மன்றக் கூட்டத்தில், டீக்கு வருகிறவர்கள் உட்பட ஆறு பேரும் ஆஜர். “இந்த மாசம் எந்த மூட நம்பிக்கைக்காரனக் கிழிக்கப் போறோம், அண்ணா?” என்று மன்ற உறுப்பினர் தாமோதரன் கேட்டார்.

“என்னத்தான்” என்று சொல்லிவிட்டு ஏசுபாதம் கூட்டத்துக்கு எதிரே போய் நின்றார். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகவே கிழித்தார்கள், இத்தனை வருடப் பயிற்சி வீண்போகவில்லை. கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

“சாமியாருகிட்ட கேள்வி கேட்டேன், அதனால எனக்கு அறிவு இருக்குன்னு நெனைச்சேன். எனக்குப் புடிக்காதவன்கிட்ட கேள்வி கேக்கறதுக்கு அறிவு எதுக்குய்யா? உனக்கு ஆசை காட்டறான் பாரு, அவன்கிட்ட கேளு.”