கர்னல் காபி ஊற்றிய கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒருவன் பஜ்ஜியை நாலாவது தடவை எடுக்கலாம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கலாம். தன் வேலை என்னவென்று மட்டும் விளக்கவே கூடாது. நான் விளக்கினேன்.

கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் ஒரு மென்பொருள் உண்டு. கெர்னல் என்று பெயர். இணையத்திலிருந்து வருகிற தகவலை முதலில் கைநீட்டி வாங்குவது அதுதான். அப்படி வாங்கும்போது மெமரி கெட்டுப்போகாமல், அதாவது 'மெமரி கரப்ஷன்' ஆகாமல் காவல் காப்பது என் பிழைப்பு. தென்காசி வீட்டு மாடியில் பனியனோடு உட்கார்ந்து செய்கிற வேலை (மீட்டிங் இருந்தால் மேலே ஒரு சட்டை).

இதை என் சித்தப்பா குற்றாலத்துப் பெண் வீட்டாரிடம் சுருக்கிச் சொல்லியிருந்தார்: "பையன் கர்னல்ல இருக்கான். கரப்ஷனைத் தடுக்குத வேலை."

பெண்ணின் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அம்மாவும் சித்தப்பாவும் போய் இறங்கியதும் வாசலில் விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்தார். சாரலுக்குக் கண்ணை மறைக்கிறார் என்று நினைத்து நான் ஒரு கும்பிடு போட்டேன்.

"எந்தப் பிரிவு தம்பி?"

"நெட்வொர்க்கிங் சார்."

"ஓ, சிக்னல்ஸ் ரெஜிமெண்டா! ஒங்களுக்குக் கீழ எத்தன பேரு?"

"ஒரு வாத்தியார் குடும்பம் சார். வாடகைக்கு இருக்காங்க. நான் மாடில இருக்கேன்."

அவர் புருவம் லேசாக நெளிந்தது. "இப்ப எங்க போஸ்டிங்?"

"வீட்டுலருந்துதான் சார் பாக்கேன்."

"வீட்டுலருந்தா? கர்னலா?"

சித்தப்பா அவசரமாகச் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் பெண்ணையும் பார்த்துவிட்டேன். கோமதி, காபிச் செம்பும் காலி டம்ளர்களும் வைத்த தட்டோடு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கட்டினால் இவளைத்தான் என்று மனசு சொல்லியது. எழுந்து போகலாம் என்று அவள் அப்பா முகம் சொல்லியது. என் வேலையின் மகிமையைப் புரியவைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பினேன். (வயசு இருபத்தெட்டு. புத்தி அதில் பாதி.)

பேசினேன், பேசினேன், காபி ஆறும்வரை பேசினேன். அவர் முகம் இளகவில்லை.

"செஞ்சே காட்டுதேன் சார். இந்த டம்ளர்தான் மெமரி. இந்தச் செம்புக் காபி வெளியேருந்து வருத தகவல். 'நான் இவ்வளவுதான் இருக்கேன்'னு அதுவே சொல்லும். அத நம்பி ஊத்துனா வழிஞ்சு, பக்கத்துல இருக்கதையும் நாசமாக்கும். நான் நம்ப மாட்டேன். அளந்து பாத்துட்டுதான் ஊத்துவேன்."

கோமதி பக்கம் திரும்பினேன். "செம்புல எவ்வளவு இருக்கும்?"

"முக்கால் டம்ளர் இருக்கும்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கண்ணை அவள் மேலேயே வைத்தபடி, ரொம்ப ஸ்டைலாகச் செம்பைக் கவிழ்த்தேன். காபி டம்ளரை நிரப்பி, டீப்பாயைத் தாண்டி, அவள் அப்பாவின் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் போய்க் குடியேறியது.

அவர் துள்ளி எழுந்தார். "இதான் தடுக்குத லட்சணமா?"

"ஏலே, எந்திலே, போவோம்" என்று அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள் கோமதி. "செம்பு நெறைய இருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன். அளந்து பாப்பேன்னு சொன்னாருல்லா, பாக்காரான்னு சோதிச்சேன்." பிறகு என்னிடம், "ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

"ஆபீஸ்ல அளவு சொல்லுத ஆளு இப்படிச் சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்காது" என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

அவர் வேட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஏட்டி, பொய்யச் சொல்லி என் வேட்டியையும் நனைச்சுட்டு, இவனத்தான் கட்டிக்கிடுவேங்கியா?"

அவள் தலையைக் குனிந்தாள். முதலில் சிரித்தது அவர்தான்.

இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்தியில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினால், வரிசை முழுக்க இலைமேல் கையை விரித்து அணை கட்டிவிடும். மாமனார் மட்டும் கையை நீட்டுவதில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிட்டு, நிதானமாகச் சொல்லுவார்: "ம், இப்ப ஊத்துங்க மாப்ள."