முன்னால் நிற்பவர்

மைக்கைப் பிடிப்பவர்களில் இரண்டு சாதி உண்டு. பேசிவிட்டுத் திருப்பித் தருபவர்கள் ஒன்று. மற்றது ‘முன்னால் நிற்பவர்’. ஐந்து பேர் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் ஒருவர் முழுசாகவும் மற்ற நால்வர் அவருடைய தோள்பட்டைக்கு முளைத்த காதுகள் போலவும் தெரிந்தால், அந்த முழு ஆசாமிதான்.

எங்கள் ஃபங்க் குழுவுக்கும் ஒருவர் வாய்த்தார். ஃபங்க் என்றால் காதுக்கு முன்னால் இடுப்புக்குக் கேட்டுவிடும் சங்கீதம். இடுப்பை ஆட்டும் வேலை பேஸ் கிட்டாருடையது. அதை வாசிப்பது என் அக்கா. பகலெல்லாம் பல் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து ஊரார் பெயரையெல்லாம் கூப்பிட்டு உள்ளே அனுப்புவாள். சாயங்காலம் சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் எங்களை உட்கார்த்தி, மெட்டுப் போட்டு, திட்டி, குழு என்று ஒன்றை உண்டாக்கியவளும் அவள்தான்.

எட்டு மாதம் கழித்துப் பாடகர் வந்தார். வெள்ளிநிறக் கோட்டு, நெற்றியில் விழுவதற்கென்றே வளர்த்த முடி. பொய் சொல்லக் கூடாது, நன்றாகப் பாடுவார். அவர் கண்ணடித்தால் கடைசி வரிசையில் காலி நாற்காலிகூட வெட்கப்படும். பிறந்தநாள் வீடுகளில் இருந்து கல்லூரி, கல்லூரியில் இருந்து மைதானம் என்று குழு ஏறியது. ஏற ஏற அவர் பேச்சும் ஏறியது. அறையில் “நம்ம பாட்டு”. கல்லூரியில் “என் பாட்டு”. வானொலியில் “என் பயணம்”. நாங்கள் யார்? பயணத்தில் வந்த மூட்டைகள்.

கச்சேரி நடுவில் வாத்தியக்காரர்களைக் கூப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. கூப்பிட்டால் நாலு வரி தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்கலாம்.

“டிரம்ஸ்ல நம்ம குட்டிப் பிசாசு!” அது நான். “டிரம்பெட்ல நம்ம தாடி! கீபோர்டுல நம்ம வாத்தியார்! அப்புறம்... உங்கள் அன்புக்குரிய... நான்!”

பதினோரு கச்சேரி. பதினோரு தடவையும் அக்காவின் விரல்கள் தயாராக நின்று, சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே திரும்பின.

“அண்ணே, அக்காவை விட்டுட்டீங்க.”

“அடடா! உணர்ச்சிவசப்பட்டுட்டேன்டா தம்பி. கலைஞன் இல்லியா?”

மைதானக் கச்சேரியன்று அக்கா சொன்னாள்: “இன்னைக்கும் கூப்பிடலைன்னா கிட்டாரை உறையில போட்டு ஜிப்பை இழுத்துடுவேன்டா. அவ்ளோதான்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

“அப்புறம்... நான்!” என்றார் அவர், பன்னிரண்டாவது முறையாக.

அவருடைய மைக் கம்பி என் காலடியில் இருந்த பெட்டியில் சொருகியிருந்தது. அவர் அடுத்த வரியைப் பாடத் தொடங்கியதும் கால் பட்டுவிட்டது. கால்தானே, அதற்கு என்ன தெரியும்?

குரல் நின்றது. ஆட்டம் நிற்கவில்லை! இத்தனை நாளாக எதற்கு ஆடினார்களோ, அது பாட்டுக்கு அக்காவின் விரலில் இருந்து வந்துகொண்டிருந்தது. அவரோ கண்ணை மூடி, கையை விரித்து, வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. தாடி டிரம்பெட்டை இறக்கிவிட்டு வெறும் தொண்டையில் கத்தினார்: “பேஸ் கிட்டார்ல நம்ம அக்கா!”

முன்வரிசை “அக்கா!” என்றது. பிறகு மைதானமே கூப்பிட்டது. நாலு வரிக்கு உரியவள் நாற்பது வரி வாசித்தாள். எனக்குக் கண்ணில் வியர்வை விழுந்துவிட்டது. டிரம்ஸ் அடித்தால் அப்படித்தான்.

இறங்கியதும் அவர் என் தோளைத் தட்டினார். “பார்த்தியாடா, நான் வாயைத் திறக்காட்டியும் ஆடுறாங்க!”

அக்கா சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஜிப்பை இழுக்க மறந்தே போனாள்.

நமக்குத்தான் பாடவே வராதே என்கிறீர்களா? விருந்தாளிகளிடம் “எங்க வீட்டுச் சாப்பாடு எப்படி?” என்று நெஞ்சை நிமிர்த்தினீர்களே, சமைத்தவரைக் கூப்பிட்டீர்களா? எதற்கும் பேசும்போது கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். உங்கள் மைக் கம்பியும் யாரோ ஒருவர் காலடியில்தான் போகிறது.