பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு லேப்டாப்

உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், தயவுசெய்து சொந்தக்காரர்களிடம் அவன் ரயில்வேயில் இருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். ரயில்வேக்காரனை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டு, "இந்த இன்ஜின் கொஞ்சம் முக்குது, இன்னான்னு பாரு" என்று சொல்வதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டால் போதும். ஊரில் பிளக்கில் சொருகுகிற சாமான் அத்தனைக்கும் அன்றிலிருந்து நாம்தான் பொறுப்பு. சுற்றாத மிக்ஸி, கூவுகிற இன்வெர்ட்டர், யாரோ பெரியப்பா மறந்துபோன பாஸ்வேர்டு, எல்லாம் நம் தலையில்.

அப்போது நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தேன். யார் எத்தனை நாள் லீவு, யாருக்குப் பிடித்தம், இதுதான் என் வேலை. அந்தக் கம்பெனியில் ஆட்டோமொபைல் பார்ட்ஸ் விற்றிருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். என் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், நானே போன் போட்டு ஆளைக் கூப்பிடுவேன். இதை என் மூர்த்தி மாமாவுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். (மாமாவுக்குக் கள்ளக்குறிச்சியில் உரக்கடை. விளக்கம் என்பது அடுத்தவர்கள் கேட்க, அவர் சொல்வது.) அவர் யூரியா வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம சரவணன் கம்ப்யூட்டரக் கரைச்சுக் குடிச்சவன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்படி யூரியா வாங்க வந்த ஒருவர் மூலமாகத்தான் கயல்விழியின் ஜாதகம் வந்தது. அப்பா கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பள்ளிக்கூட ஆசிரியர். சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். பெண், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், அம்மா, மாமா மூன்று பேரும் மாமாவின் காரில் கிளம்பினோம். கோமுகி அணை தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டார். நான் புதுச் சட்டையைக் கசங்காமல் காப்பாற்ற, சீட்டில் சாயாமல் இஸ்திரிப் பெட்டி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், உள் அறையிலிருந்து அழுகைச் சத்தம். விசும்பல் எல்லாம் இல்லை. நல்ல, மனதார, ஆத்திரத்தோடு அழுகிற அழுகை.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னாடா இது, பொண்ணு அழுவுது? வேற யாரயாச்சும் மனசுல வச்சிக்கினு இருக்குதோ?"

அது பெண்ணின் அப்பா காதில் விழுந்துவிட்டது. மனிதர் பதறிப்போனார். "அய்யய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. லேப்டாப்புங்க. லேப்டாப்பு செத்துப்போச்சு!"

விஷயம் இதுதான். அந்த லேப்டாப் பல மாதமாக 'புதிய பதிப்பு தயார், புதிய பதிப்பு தயார்' என்று அவளை நச்சரித்திருக்கிறது. அவளும் 'பிறகு' என்பதையே அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசியில், போகட்டும் என்று கல்லூரி வைஃபையில் அதை இறக்கி, வீட்டுக்கு வந்து ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறாள். 'உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம்' என்று காட்டியதாம். அதோடு சரி. காலையிலிருந்து பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன வட்டம் சுற்றும், அப்புறம் கறுப்புத் திரை, மறுபடி வட்டம்.

(எனக்கு இன்றைக்கும் இதில்தான் ஆத்திரம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருள். அதை யார் இவர்களைத் தயார் செய்யச் சொன்னது? நம் வீட்டு மாட்டை ராத்திரியில் எவனோ அவிழ்த்துக்கொண்டு போய், காலையில் பொம்மை மாட்டைக் கட்டிவைத்துவிட்டு, 'மேம்படுத்தியிருக்கிறோம்' என்றால் சும்மா விடுவோமா?)

அந்த லேப்டாப்புக்குள்தான் அவள் போன மழைக்காலம் முழுக்க மலையில் அலைந்து எடுத்த ஆர்க்கிட் பூக்களின் படங்கள் இருந்தன. சில பூ சில நாள்தான் பூக்கும், அப்புறம் அடுத்த வருஷம்தான். முந்தின வருஷத்துப் படங்கள் வழிகாட்டி பேராசிரியரிடம் இருந்தன. இந்த வருஷத்துப் படங்கள் இந்தப் பெட்டிக்குள் மட்டும்.

மாமா சோபாவில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டார். "இவ்ளோதானா? நம்ம பையன் கையில குடுங்க சார். அஞ்சு நிமிஷம்."

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கயல்விழி வெளியே வந்துவிட்டாள். பழைய சுடிதார், சீவாத தலை, சிவந்த கண். லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் வைத்து, "காப்பாத்திடுவீங்களா?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்த ஆண்மகனாவது 'எனக்கு சம்பளப் பிரிவு' என்று பதில் சொல்வானா?

"பாக்கலாம்" என்றேன். குரல் எனக்கே டாக்டர் மாதிரி கேட்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியங்கள் எல்லாம் அடுத்த சில நிமிஷத்தில் தீர்ந்துபோயின. சார்ஜரைப் பிடுங்கிச் சொருகினேன். பட்டனை வெகு நேரம் அமுக்கிப் பிடித்தேன். திருப்பிப் போட்டுத் தட்டினேன். இடையிடையே "ம்ஹும்" என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில், "இது பெரிய கேஸு. எங்க சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று எழுந்தேன்.

சீனியர் என்றால், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ரியாஸ். அவன் அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை. இவன் மட்டும் சென்னையில் உண்மையிலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஆனால் அந்த வீட்டில் போன் டவர் கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பாறை, அதன் மேல் ஏறினால்தான் கிடைக்கும். லேப்டாப்பைப் பாறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அதன் பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஒயரைக் கழற்றினால் அணைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் பார்த்தோம். செம்பருத்திச் செடி வரைக்கும்தான் வந்தது.

ஆகவே ஆட்களை நிற்கவைத்தோம். பாறை மேல் போனோடு நான். செம்பருத்திச் செடி அருகில் பெண்ணின் அப்பா. கொல்லை வாசலில் என் அம்மா. உள்ளே லேப்டாப் முன்னால் கயல்விழி, பக்கத்தில் மேற்பார்வைக்கு மாமா. ரியாஸ் எனக்குச் சொல்வான், நான் கத்துவேன், ஒவ்வொருவராக உள்ளே கடத்துவார்கள். மேலே காற்று வேறு பிய்த்துக்கொண்டு போனது.

"மச்சான், மொதல்ல பயாஸுக்குள்ள போவச் சொல்லு" என்றான் ரியாஸ். (கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கு முன்னால் வருகிற செட்டிங் திரைக்கு அந்தப் பெயராம்.)

"பயாஸுக்குள்ள போங்க!" என்று கத்தினேன்.

"பயாசுக்குள்ள போவணுமாம்!" என்றார் வாத்தியார்.

"பாயசத்துக்குள்ள போவணுமாம்!" என்றார் என் அம்மா.

சமையலறையிலிருந்து பெண்ணின் அத்தை சத்தம் போட்டார். "பாயசம் இன்னும் கொதிக்கவே இல்லீங்க! அதுக்குள்ள இன்னா அவசரம்?"

பேச்சு பாயசத்தை விட்டு இறங்கி மறுபடி பயாஸுக்கு வரவே நேரம் பிடித்தது. ஆனாலும் கயல்விழி கெட்டிக்காரி. வந்து சேர்கிற அரைகுறை வார்த்தையை வைத்தே சரியான பட்டனைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் திரை போய் நீலத் திரை வந்திருக்கிறது, அதில் நாலைந்து கட்டங்களும் வந்திருக்கின்றன. கீழே ஒரே சந்தோஷம். "வந்துடுச்சு, இன்னாவோ வந்துடுச்சு!" என்று அம்மா கைகாட்டினார்.

அந்த நேரம் பார்த்து அத்தைக்கு ராகுகாலம் ஞாபகம் வந்துவிட்டது. "அடியே, நல்ல நேரம் முடியப்போவுது, நீ இன்னும் சுடிதாரோட உக்காந்துக்கினு இருக்கிற! எழுந்து புடவையக் கட்டுடி." அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். என் மாமாதான், அந்தப் பெரிய மனுஷன்தான், "நீ போம்மா. நான் பாத்துக்கிறேன்" என்று அவளை அனுப்பிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரியாஸ் எனக்குச் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "டேய், இனிமே ஒண்ணும் பண்ண வேணாம். அதுல எல்லாத்தையும் எடுத்துடவான்னு ஒண்ணு கேக்கும். உயிரே போனாலும் அத மட்டும் அமுக்காதீங்க. நான் ஒருத்தரக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். "எல்லாத்தையும் எடுன்னு ஒண்ணு வரும்! அமுக்காதீங்க!"

செம்பருத்திச் செடியிடம் போய்ச் சேரும்போது அதில் கடைசி எழுத்துகளைக் காற்று தின்றுவிட்டிருந்தது. "எல்லாத்தையும் எடுன்னு வருமாம், அமுக்க…" என்று வாத்தியார் இழுத்தார். அம்மா எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. தானே முடித்துக்கொடுத்தார். "எல்லாத்தையும் எடுன்னு வருமாம், அமுக்கணுமாம்!"

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். அதுதான் வினை. திரையில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இருந்திருக்கிறது. ரிமூவ் என்றால் எடுப்பது, எவ்ரிதிங் என்றால் எல்லாம். உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிற பூப்படத்தை எல்லாம் வெளியே எடுத்துக் கொடுக்கப்போகிறது என்று அவர் முடிவுகட்டினார். 'நிச்சயமாகவா?' என்று அது மறுபடி கேட்டதாம். "ரொம்ப மரியாதையான மிஷினுப்பா" என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். நிச்சயமாக என்று அமுக்கியிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நான் பாறை மேல் உட்கார்ந்து ரியாஸின் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் மலைச் சரிவு, நல்ல காற்று. 'பரவாயில்லையே, சமாளித்துவிட்டோமே' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ரியாஸ் கூப்பிடவே இல்லை. வெகு நேரம் கழித்துக் கீழே கைதட்டல் சத்தம் கேட்டது. "ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா!" என்று மாமா வாசலுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

நான் பாறையிலிருந்து இறங்கி வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். போருக்குப் போய்த் திரும்பிய ராஜா மாதிரி வந்தேன். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தை எனக்குத் தனியாக ஒரு தட்டு பஜ்ஜி வைத்தார். அப்போது கயல்விழி பட்டுப்புடவையில், தலை நிறைய பூவோடு காபித் தட்டை ஏந்தி வந்தாள். மாமா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

திரை பளபளவென்று இருந்தது. 'வணக்கம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?' என்று இங்கிலீஷில் கேட்டது.

அவள் காபித் தட்டைக் கீழே வைத்தாள். அது கேட்ட கேள்விக்கெல்லாம் ஒன்றொன்றாகப் பதிலை அமுக்கினாள். கடைசியில் ஒரு நீல வானம் வந்தது. அதில் ஓர் ஓரத்தில் குப்பைக்கூடை மட்டும் இருந்தது. அதையும் திறந்து பார்த்தாள். அதுவும் காலி.

"யாரு அமுக்குனது?" என்றாள்.

வீட்டில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா உட்பட!

"நான் பாறை மேல இருந்தேங்க" என்றேன். 'பாக்கலாம்' என்பதற்கு அடுத்தபடியாக அவளிடம் நான் பேசிய வார்த்தை அதுதான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை அழுகைச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பாயசம் கொடுத்தார்கள். குடித்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காரில் மலை இறங்கினோம். அணை தாண்டியபின் மாமா, "லேப்டாப்பு ஸ்டார்ட் ஆவலன்னாங்க. ஆச்சா இல்லியா? அதுக்கு மேல இன்னா கேக்கறாங்க?" என்றார். என் வாழ்நாளில் ஒரு பெரியவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு தடவைதான்.

மறுவாரம் நான் வாத்தியாருக்குப் போன் செய்து, அந்த லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, ரியாஸிடம் சேர்த்தேன். அவன் எதை எதையோ போட்டுத் தோண்டிச் சில படங்களை மீட்டான். ஒவ்வொன்றிலும் பாதிப் பூ இருந்தது, மீதிப் பாதி சாம்பல் நிறப் பட்டை. அதை அனுப்பி, மன்னிப்பும் கேட்டு, கதை முடிந்தது என்று நினைத்தேன். அவளிடமிருந்து பதில் வந்தது. "பூ அடுத்த மழைக்குத்தான் பூக்கும். திரும்ப எல்லாத்தையும் எடுக்கணும், குடை பிடிக்க ஆள் வேணும். நீங்க வர்றீங்களா, உங்க மாமா வருவாரா?"

நான் போனேன். அந்த மழைக்காலத்தில் எனக்கு இருந்த லீவு அத்தனையும் கல்வராயன் மலையில் கரைந்தது. (என் லீவை நானே கழித்து எழுத வேண்டிய கொடுமை வேறு.) குடை எனக்கு இல்லை, கேமராவுக்கு. வழுக்கி விழுந்தால், "பூவ மிதிச்சிட்டீங்களா?" என்று முதலில் கேட்பாள். ஆனால் மழை விடுவதற்குள் அவளுக்கு என் மேல் இருந்த கோபம் விட்டுவிட்டது. தை மாதம் கல்யாணம். என் மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

எல்லாம் சுபம்தானே, உனக்கென்ன குறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆய்வேடு அச்சாகி வந்தது. அதன் நன்றியுரையில் பேராசிரியர், அப்பா, அத்தை எல்லோரையும் பாராட்டிவிட்டு, கடைசி வரியில், 'எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைத்த என் கணவர் சரவணனுக்கு' என்று போட்டிருந்தாள். விவரம் தெரியாதவர்கள் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு காதல் என்று கண்கலங்குகிறார்கள். எங்கள் குடும்பத்திலோ தீபாவளி, பொங்கல், காதுகுத்து எதுவானாலும் யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அந்த வரியைச் சத்தமாக வாசிக்கிறார்கள். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அதிலும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பது மூர்த்தி மாமாதான். போன பொங்கலுக்கு என் மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "உங்கப்பன் அன்னைக்கு அத அமுக்கலேன்னா நீ ஏது பாப்பா?" என்று கொஞ்சுகிறார். நான் அமுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தை என்னைப் பார்த்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.