ஆணிவேரின் கடைவாய்ப் பல்

சொல்லைச் சும்மா விடாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். "நேரமாச்சு, கிளம்புறேன்" என்று நீங்கள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்த பிறகுதான், 'நேரம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். தெரியும் என்றாலும் விடமாட்டார்கள். தெரியாது என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த இனத்தில் முற்றிப் பழுத்த ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறார். அங்கே அவருக்குப் பெயர் ஆணிவேர். மேலாளர் ஆசையாகச் சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தபோது அவர் உட்கார மறுத்தார்.

"நாலு கால் இருந்தாத்தான் சார் நாற்காலி. இதுக்கு நடுவுல ஒரே கால். ஒற்றைக்காலின்னு பேரை மாத்துங்க, உட்கார்றேன்."

ஒற்றைக்காலில் நிற்பது நாற்காலியா அவரா என்று அலுவலகத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

வீடு மட்டும் தப்புமா? ஒருநாள் மனைவி பொறுமையிழந்து, "எங்கேயாவது போய்த் தொலைங்க" என்றார். "தொலைன்னா தூரம். தூரமாப் போங்கன்னுதான் சொல்லியிருக்க. இதுல திட்டே இல்ல பாரு" என்று அவர் விளக்கினார். வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாத வீட்டில் அந்த அம்மாள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவருக்குப் பல்வலி வந்தது. கீழ்வரிசையின் கோடியில், வலது பக்கம். கன்னம் பன் ரொட்டிபோல் உப்பியது. வலி காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொண்டது. பேச்சு நின்றது. வீட்டில் நிலவிய அமைதியை மனைவி கொஞ்சம் ரசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"விரலால தொட்டுக் காட்டுங்க. வாயைத் திறக்கச் சொன்னா திறங்க. பேசாதீங்க" என்று வெளியிலேயே சொல்லி, மனைவி அவரை மட்டும் உள்ளே அனுப்பினார்.

அவர் தலையாட்டினார். பேசக் கூடாது என்றுதான் அவரும் உண்மையாகவே நினைத்தார்.

டாக்டர் இளவயதுப் பெண். காலையிலிருந்து நின்றபடியே பல் பார்த்துக் களைத்திருந்தார். "எந்தப் பல் சார்? கடைசிப் பல்லா?" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஆணிவேருக்கு வலி மறந்தது. பல்லைத் தொடப் போன விரல் பாதி வழியில் நின்று, மேலே உயர்ந்து, பாடம் நடத்தும் விரலாக மாறியது.

"கடைன்னா முடிவுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம் டாக்டர். பழைய தமிழ்ல கடைன்னா வாசல். கடைவாய்ப் பல்லுன்னா, வாசல்ல நிக்கிற பல்."

"அப்ப முன்பல்லா?"

"சொல்லை வெச்சுப் பார்த்தா அதுதான்."

"நல்லாத் தெரியுமா சார்?"

"வேர் வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன்."

வேர் வரைக்கும் கெட்டிருக்கிறது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். முன்பல்லைத் தட்டிப் பார்த்தார். கெட்ட நேரம், அதுவும் ஆடியது. ஊசி போட்டார். குறடு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்த பிறகுதான் ஆணிவேருக்கு விஷயம் உறைத்தது. "வேண்டாம்" என்றார். மரத்துப்போன உதட்டில் சொல்லின் முன்பாதி கரைந்து, 'ஆம்' மட்டும் வெளியே வந்தது.

வெளியே வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

"வீக்கம் பக்கத்துல, ஓட்டை நடுவுல. உள்ளே போய் என்ன பேசினீங்க?"

அவர் கண் கலங்கிற்று. அவ்வளவுதான், மனைவியின் கோபம் போய்விட்டது. அவர் கையைப் பிடித்து மறுபடி உள்ளே அழைத்துப் போய், வெளிறிப்போய் நின்ற டாக்டரிடம், "இந்தப் பல்லும்மா" என்று தாமே தொட்டுக் காட்டினார். அதுவும் போயிற்று.

இனிமேல் திருந்திவிடுவார் என்று நினைக்கிறீர்களா? கஞ்சியும் மௌனமுமாகச் சில நாள் கிடந்தார். பிறகு ஒரு காலை, அலுவலகத்துக்குப் புறப்படும்போது சீப்பைக் காணவில்லை.

"ஃபீப்பு எங்கே?" என்றார்.

சொன்னவர் அப்படியே நின்றார். தலை கலைந்திருந்தது, முகம் மட்டும் பிரகாசமாயிற்று. "ஃபொல்லு ஏன் திரியுதுன்னு இத்தனை வருஷமாத் தேடினேன். முன்னோர்களுக்குப் பல்லு விழுந்ததுதான் காரணம்" என்றார். மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது அந்த அலுவலகத்துக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்கள், முதலில் வாயைத் திறந்து பல்வரிசையைக் காட்ட வேண்டியிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், கடை என்றால் வாசல்தானா, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நடுவில் எழுந்து அகராதியைத் தேடிப் போனீர்களே, அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தீர்கள். பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனைகூட வர ஆரம்பித்துவிட்டது.