ஒரு திரை, இரண்டு ஸ்டிக்கர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தொழிலாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் திரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு உயிரை விட்டது. வயது பதினான்கு. அந்த அலுவலகத்தில் லீவு போடாமல் தினமும் வேலை செய்த ஒரே ஊழியர் அதுதான்.

கம்ப்யூட்டர் பார்க்கும் அருணா, புதிதாகச் சாதாரணத் திரை ஒன்று வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். ஒரு வரிக் கடிதத்தைக் கோப்பில் வைத்தால் கோப்புக்கே மரியாதை இல்லை என்பது கண்காணிப்பாளர் சந்திரமோகனின் கொள்கை. மேலும், அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அப்போது எல்லார் வீட்டிலும் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பகலில் கம்ப்யூட்டர், சாயங்காலம் டிவி, இரண்டுக்கும் ஒரே திரை. இல்லாதவர்களை வாட்ச்மேன்கூட மதிப்பதில்லையாம். ஆகவே 'இருபயன் திரை கொள்முதல் வாயிலாக அரசுக்கு ஏற்படக்கூடிய சிக்கனம்' என்ற தலைப்பில் ஒன்பது பக்கம் எழுதினார்.

இந்தத் திரைக்கு யார் பொறுப்பு என்று மேலிடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. டிவி எங்கள் பொறுப்பல்ல என்றது கணினிப் பிரிவு. கம்ப்யூட்டர் எங்கள் பொறுப்பல்ல என்றது பொருட்கள் பிரிவு. இரண்டு மாதம் கடிதம் போய்வந்த பிறகு ஆளுக்குப் பாதி ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டு பிரிவும் தத்தம் சொத்து எண்ணோடு ஆளுக்கொரு ஸ்டிக்கரும் அனுப்பின. பொருளின் முகப்பில், பொதுமக்கள் பார்வையில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது விதி.

நாற்பத்து மூன்று அங்குலத் திரைக்கு முகப்பு என்று இருந்தது கீழே ஒரு விரல் அகலப் பட்டைதான். கணினிப் பிரிவின் ஸ்டிக்கர் ஓரத்தில் ஒட்டப்பட்டது. பொருட்கள் பிரிவுக்கு மனவருத்தம் வரக்கூடாது என்று அதன் ஸ்டிக்கரை நட்டநடுவில், சந்திரமோகன் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினார். ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் சின்னக் கண் அங்கேதான் இருந்தது. கையால் அமுக்கும் ஒரே பொத்தானும் அங்கேதான், ஒரு சின்னக் குழிக்குள் இருந்தது. மாட்ட வந்த கடைக்காரர் கடைசியாக டிவி வருகிறதா என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். அன்று முதல் டிவி மட்டுமே வந்தது.

ஸ்டிக்கரைப் பிய்த்தால் போயிற்று என்பீர்கள். அரசு எண்ணை அகற்றுவது குற்றம். அகற்ற அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாம். ஆனால் கையால் எழுதிய கடிதங்கள் இனிச் செல்லாது, கம்ப்யூட்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்று அதே வாரம் சுற்றறிக்கை வந்துவிட்டது. இப்படியே பதினோரு நாள் ஓடியது.

அந்தப் பதினோரு நாளும் வரிசையில் முதலில் நின்றவர் சாராள். அவர் கணவர் மோசஸுக்கு இரும்பு மில்லில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதும் வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் விபத்துச் சான்றிதழ் வந்து சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள். சான்றிதழ் மேலிடத்தில் தயாராகி வந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. திரை தெரியாமல் எதை அமுக்கி எடுப்பது என்று அருணா கையைப் பிசைந்தார்.

நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். தொலைந்துபோன அடையாள அட்டைக்காக வந்தவன். உண்மையைச் சொன்னால், இரண்டாம் நாளே எனக்கு அவசரம் போய்விட்டது. ஃபேன் இருந்தது, நாற்காலி இருந்தது, மத்தியானம் சீரியல் ஓடியது. மனு எதுவும் இல்லாதவர்கள்கூட வரத் தொடங்கினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்திரேலியாவில் மேட்ச், அதே சேனலில் ஓடியது. மணி நாலு. சாராள் நேராகச் சந்திரமோகனின் மேஜைக்குப் போனார்.

"சார், அந்த ஸ்டிக்கர கிழியாம எடுத்து தள்ளி ஒட்டட்டா? எண்ணெ கம்பெனில ஒரு நாளிக்கு நாலாயிரம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்றேன். கோணையா பூட்ச்சின்னா கிழியாம எடுத்து ஒட்றதும் நான்தான்."

சந்திரமோகன் விதிப்புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"அகற்றக்கூடாதுன்னு இருக்குது. தள்ளி ஒட்டக்கூடாதுன்னு எங்கியும் இல்ல," என்றார், தானே கண்டுபிடித்த திருப்தியோடு.

சாராள் சூடான டீ கிளாஸை ஸ்டிக்கர்மேல் சாய்த்துப் பிடித்தார். பசை இளகியது. நகத்தால் ஒரு மூலையைத் தூக்கி, முழுசாக உரித்து, நாலு விரல் தள்ளி ஒட்டினார். அரசாங்கம் மூன்று மாதமாகச் செய்ய முடியாததைச் செய்து முடித்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அருணா ரிமோட்டை அமுக்கினார். திரை கம்ப்யூட்டராக மாறியது. மோசஸின் பெயர் போட்ட சான்றிதழ் பளிச்சென்று வந்து நின்றது.

பின்னாலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. இந்தியா ஜெயிக்கப் பத்தொன்பது பந்தில் இருபத்தேழு ரன் வேண்டியிருந்த நேரம் அது. பதினோரு நாள் பொறுத்தவங்க பத்து நிமிஷம் பொறுக்கக்கூடாதா என்று கேட்டார்கள். சந்திரமோகனுக்குத் தர்மசங்கடம். பொதுமக்கள் விருப்பமே அலுவலகத்தின் விருப்பம் என்று அறிவித்து, மேட்ச் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கையை இறக்கவில்லை.

டிவி திரும்ப வந்தது. சாராள் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ், சர்ட்டிபிகேட்ட கண்ணால பாத்துட்டேன். மேட்ச் முடிஞ்சாத்தான் குடுப்பாங்களாம். நீயே இவங்களாண்ட ஒரு வார்த்த சொல்லு."



"இங்க கரண்ட்டு பூட்ச்சி சாராளு," என்றார் மோசஸ். "எத்தினி பால்ல எத்தினி வேணும்?"

சாராள் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரையைப் பார்த்து எண்ணைச் சொன்னார்.

ரிவ்யூவும் விளம்பரமும் சேர்ந்து, கடைசிப் பந்து முடியும்போது ஐந்தடிக்க இரண்டு நிமிஷம். இந்தியா ஜெயித்தது. கைதட்டி முடித்து, பிரிண்ட் எடுத்து, சீல் குத்தும்போது ஐந்து எட்டு. செவ்வாப்பேட்டைக்குப் போக பேசின் பிரிட்ஜில் ரயில் மாற வேண்டிய அருணா, அதற்குமேல் நிற்காமல் ஓடினார். சாராள் மில் கேட்டுக்குப் போனபோது அது பூட்டியிருந்தது.

திங்கட்கிழமை அட்டை வாங்கப் போனேன். வண்டி நம்பர் எழுதும் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்களாம். மாற்று வேலை கேட்டு மனுக் கொடுக்கச் சாராள் திரும்பவும் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். மோசஸும் வந்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மேட்சின் ஹைலைட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கொஞ்சம் சவுண்டு வைங்க," என்றார் மோசஸ், அருணாவைப் பார்த்து.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.